முழங்கால் மாற்றினால் தோட்டத்துக்கு இறங்கலாமா?

பம்பலப்பிட்டியில் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மின்தூக்கி இல்லாத மாடிக் கட்டடத்தின் மூன்றாம் தட்டில் ஓர் அம்மா வாழ்ந்து வந்தார். 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடையோடு புறப்பட்டவர். அதற்கு முன் செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் மிளகாயும் வைத்தவர். வெங்காயம் நடுவதற்கும் களை பிடுங்குவதற்கும் கிண்டுவதற்குமாகப் பாதி வாழ்நாளைக் குந்தியிருந்தே கழித்தவர். பல ஊர்களில் ஒதுங்கியிருந்த பின் கடைசியில் மகனோடு கொழும்புக்கு வந்தார். நாம் அவரை அறிந்தபோது இரண்டு முழங்கால்களும் வெளிப்பக்கமாக வளைந்து வில்லுப்போல் இருந்தன. மாடிப்படியில் அவர் இறங்குவது பின்பக்கமாகத்தான். கைபிடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, குழந்தை இறங்குவதைப் போல. மாதத்தில் ஒருநாள், கிளினிக்குக்காக மட்டும் இறங்குவார்.

2016 ஆம் ஆண்டளவில் ஒருநாள் அவருடைய மகன் எம்மிடம் கேட்டார்: "சுவாமி, எங்கடை காணியை விட்டிட்டாங்கள். அதை வித்தால் அம்மாவின்ரை ரெண்டு முழங்காலையும் பிறைவேற் ஆஸ்பத்திரியிலை மாத்திப்போடலாம். என்ன சொல்லுறியள்?"

அம்மா குசினிக்குள் இருந்தபடியே பதில் சொன்னார்: "காணியை வித்துப்போட்டு, நல்ல காலோடை நான் எங்கை போறது?"

அன்று எம்மிடம் பதில் இருக்கவில்லை. அதன்பின் வைத்தியர்கள் சிலரோடு பேசினோம், கிடைத்தவற்றை வாசித்தோம், சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களின் வீடுகளுக்கும் போய்ப் பார்த்தோம். இடம்பெயர்ந்த குடும்பங்களில் இன்று முதுமையை அடைந்திருப்போர் பலருக்கு இதே கேள்வி இருக்கிறது. இந்தப் பாடத்தை அவர்களோடும் அவர்களுடைய பிள்ளைகளோடும் சேர்ந்து படிப்போம்.

தேய்வது எது?

தொடை என்பும் கணைக்கால் என்பும் சந்திக்கும் இடத்தில், இரண்டின் முனைகளையும் வழுவழுப்பான கசியிழையம் மூடியிருக்கிறது. அது தேய்ந்தால் தானாக வளராது. முற்றாகத் தேய்ந்த இடத்தில் என்போடு என்பு உரசும். நோவும் வீக்கமும் வரும். நாளடைவில் கால் வளையும். வயது, உடற்பருமன், பழைய காயம், பரம்பரை ஆகியவற்றோடு நீண்டகாலம் குந்தியிருந்து செய்த வேலையும் பாரம் சுமந்த வேலையும் இதற்குக் காரணமாகலாம்.

சத்திரசிகிச்சையில் முழங்காலை முழுதாக வெட்டியெடுத்து வேறொன்று பூட்டுவதாகப் பலர் நினைக்கின்றனர். அப்படியல்ல. லாண்ட்மாஸ்ரரில் புஸ் மாற்றுவதை ஒத்த வேலை அது. தேய்ந்த இரு என்பு முனைகளையும் சில மில்லிமீற்றர் அளவுக்குச் சீவி, மேலே கோபால்ற்று குரோமியக் கலப்பு உலோகத்தாலான ஒரு மூடியையும் கீழே உலோகத் தட்டொன்றையும் பொருத்துகின்றனர். பெரும்பாலும் என்புச் சீமெந்தால் ஒட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவே உறுதியான பொலிஎதிலீன் துண்டு ஒன்று இருக்கும். கசியிழையத்தின் வேலையை இனி அந்தப் பிளாஸ்ரிக் துண்டே செய்கிறது. சில்லு என்பின் உட்புறத்திலும் சிலருக்கு ஒரு பிளாஸ்ரிக் பொத்தான் வைப்பதுண்டு. ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் முடியும் வேலை. அநேகர் மறுநாளே தாங்கியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பர்.

இது ஒரே நாளில் கைகூடிய வித்தையன்று. 1890 இல் பேர்லின் நகரில் தெமிஸ்தோக்கிளிஸ் குளூக் என்ற வைத்தியர் யானைத் தந்தத்தால் கீல் செய்து முழங்காலில் வைத்துப் பார்த்தார். கிருமித் தொற்று அந்த முயற்சியைக் கெடுத்துவிட்டது. 1968 இல் கனடா நாட்டு வைத்தியர் பிராங்க் கன்ஸ்ரன் உலோகமும் பிளாஸ்ரிக்கும் சேர்ந்த மூட்டொன்றைச் சீமெந்தால் ஒட்டும் முறையை அமைத்தார். இன்றைய மூட்டின் முன்னோடி 1974 இல் நியூயோர்க்கில் உருவானது. அதை உருவாக்கிய குழுவில் ஜோன் இன்சால் என்பவரோடு இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத்தும் இருந்தார். அதே ரணாவத்தான் 2000 ஆம் ஆண்டு ஒக்டோபரில் மும்பாயில் இந்தியப் பிரதமர் வாஜ்பாயின் இடது முழங்காலையும், 2001 ஜூனில் வலது முழங்காலையும் மாற்றினார். எமது பக்கத்துச் சனங்கள் பலர் இப்படியொரு சிகிச்சை உண்டென்று கேள்விப்பட்டது அந்தச் செய்தியால்தான். பிரதமருக்கே ஒரு காலுக்கும் மற்றக் காலுக்கும் இடையில் எட்டு மாதம் விட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றும் வழக்கமும் இருக்கிறது. ஆனால் வயோதிபருக்கும் இருதய நோயுள்ளவருக்கும் அதில் ஆபத்துக் கூட.

எத்தனை வருடம் உழைக்கும்?

"பத்து வருசந்தானாம், பிறகு திருப்பி மாத்த வேணுமாம்" என்ற பேச்சை நாம் எங்கும் கேட்டோம். அது பழைய கணக்கு. சுவீடன் 1975 இலிருந்து ஒவ்வொரு செயற்கை முழங்காலையும் பதிவேட்டில் எழுதி வருகிறது. பின்னர் வேறு நாடுகளும் அப்படிச் செய்யத் தொடங்கின. அவுஸ்திரேலியா, பின்லாந்து ஆகிய நாடுகளின் பதிவேடுகளைக் கொண்டு 2019 இல் லான்செற் என்ற மருத்துவ இதழ் ஒரு கணக்கை வெளியிட்டது. முழுமையாக மாற்றிய நூறு முழங்கால்களில் 15 வருடத்தின் பின் ஏறக்குறைய 93 உம், 20 வருடத்தின் பின் 90 உம், 25 வருடத்தின் பின் 82 உம் மறுபடி மாற்றப்படாமல் இருந்தன. முழங்காலின் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றும் முறையில் 25 வருடத்தின் பின் எஞ்சியவை 70 அளவே.

வயதும் முக்கியம். இங்கிலாந்தில் செய்து 2017 இல் வெளியான ஆய்வொன்றின்படி, எழுபது வயதுக்குப் பின் மாற்றியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரளவுக்குத்தான் வாழ்நாளில் மறுபடி மாற்ற நேரும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிய ஆண்களுக்கோ அது நூற்றுக்கு 35. இளையவர் கூடுதலாக நடப்பார், பாரம் தூக்குவார், கூடுதல் காலம் வாழவும் செய்வார். ஆகவே ஐம்பது வயதில் நோவு தாங்க முடியாமல் வருபவரை வைத்தியர் "கொஞ்சம் பொறுங்கோ" என்று அனுப்புவது அலட்சியத்தால் அல்ல.

மறுமுறை மாற்றுவது ஏன் அத்தனை பெரிய விடயம்? லாண்ட்மாஸ்ரர் உவமையையே பார்ப்போம். முதல் புஸ்ஸைக் கழற்றும்போது அது இருந்த வீடும் கொஞ்சம் பெயர்ந்து வரும். அடுத்த புஸ் பெரிதாக இருக்க வேண்டும். முழங்காலிலும் ஒவ்வொரு முறையும் என்பு குறைகிறது. இரண்டாவது மூட்டு நீண்ட தண்டுகள் உள்ளது, விலை கூடியது. கிருமித் தொற்று ஆபத்தும் கூட. கிடைக்கும் சுகமோ முதல் முறையிலும் குறைவு.

இந்தக் கணக்குகளை வாசிக்கும்போது இரண்டு விடயங்களை மறக்கக் கூடாது. "மாற்றப்படாமல் இருந்தது" என்பதற்கு "நோவில்லாமல் இருந்தது" என்று பொருளில்லை. மற்றது, இவை கதிரையில் இருந்து உண்டு, கொமட்டில் இருந்து எழும்பும் நாடுகளின் கணக்குகள். வரம்பில் நடப்பவரின் முழங்காலை யாரும் அங்கே எண்ணவில்லை.

கிடைப்பதும் கிடைக்காததும்

பெரும்பாலானோருக்கு நோவு நன்றாகக் குறைகிறது. வளைந்த கால் நேராகிறது. இரவில் நித்திரை வருகிறது. சந்தைக்கும் கோயிலுக்கும் நடக்கலாம். இவை சிறிய விடயங்கள் அல்ல. ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, மூட்டு சரியாகப் பொருந்தியிருந்தும், நோவு ஓரளவுக்குத் தொடர்கிறது. இதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னர் யாரும் தமக்குச் சொல்லவில்லை என்று எம்மிடம் குறைப்பட்டவர்கள் உண்டு. சொல்லியிருக்கலாம், காதில் விழாமலும் போயிருக்கலாம். நோவோடு இருப்பவருக்கு நல்ல செய்தி மட்டுந்தான் கேட்கும்.

முழங்கால் எவ்வளவு மடங்கும் என்பதுதான் விவசாயிக்கு முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கதிரையில் இருக்கவும் படியேறவும் 90 முதல் 100 பாகை வரை மடங்கினாற் போதும். செயற்கை மூட்டு வழக்கமாக 110, 120 பாகை வரை மடங்கும். குந்தியிருப்பதற்கோ 130 பாகைக்கு மேல் வேண்டும். எனவே குந்தியிருந்து களை பிடுங்குவது, சம்மணம் கட்டி நிலத்தில் இருந்து சாப்பிடுவது, குந்தும் மலசலகூடம் ஆகிய மூன்றையும் விட்டுவிட வேண்டியிருக்கும். பலவந்தமாகக் குந்துவோர் பிளாஸ்ரிக் துண்டின் பின் விளிம்பில் முழுப் பாரத்தையும் போடுகிறார்கள். அது விரைவில் தேயும். முழந்தாளிட முடியும், அதனால் மூட்டு உடைந்துவிடாது. ஆனால் பலருக்கு அது சங்கடமாக இருக்கும். பூசை வேளையில் வாங்கிலில் இருந்தபடி செபிக்கிற தாய்மாரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

வடுவின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையளவு தோல் மரத்துப் போயிருக்கும். வெட்டும்போது சிறு நரம்பொன்று அறுபடுவதால் அப்படி வருகிறது. சிலருக்கு அது மாறவே மாறாது. நடக்கும்போது 'டிக்' என்ற சத்தம் கேட்கலாம். சில மாதங்களுக்கு முழங்கால் சூடாகவும் இருக்கும். இவற்றுக்குப் பயப்படத் தேவையில்லை. முழுச் சுகமும் தெரிய ஒரு வருடம் வரை செல்லும்.

முதல் ஆறு கிழமைகளில் செய்யும் அப்பியாசத்தில்தான் பாதிச் சிகிச்சை இருக்கிறது. நோவுக்குப் பயந்து காலை அசைக்காமல் வைத்திருந்தால் உள்ளே தழும்பு இறுகி மூட்டு விறைத்துவிடும். இயன்மருத்துவர் காட்டித் தருபவற்றை வீட்டில் நாளுக்குப் பல தடவை செய்ய வேண்டும். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து மடித்தபடி படுப்பது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிப் படுத்தால் கால் நேராக நிமிராமற் போய்விடும்.

ஆபத்துகள்

முதற் சில கிழமைகளில் கவனிக்க வேண்டியது கெண்டைக்கால் நாளங்களில் குருதி உறைதல். அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. குருதி உறையாமல் இருக்க மருந்து தருவார்கள்; படுக்கையிலேயே பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள். இங்கே எம்மவர்கள் ஒரு பிழை விடுகிறார்கள். கொழும்பில் சத்திரசிகிச்சை முடிந்து துண்டு வெட்டிய அன்றிரவே யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் தூரம், இரவு முழுவதும் காலை மடக்கிக்கொண்டு இருக்கை. விடுதிக் காசு மிச்சம் என்பது விளங்குகிறது. ஆயினும் எப்போது பயணம் செய்யலாம் என்று வைத்தியரிடம் கேட்டு, அதுவரை தங்க இடம் பார்த்துக்கொண்டே வர வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடுதி எடுப்போர் கீழ்த்தட்டு அறையையும் கொமட் உள்ள மலசலகூடத்தையும் முதலிலே கேட்டுக்கொள்ளட்டும். கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ, நெஞ்சு நொந்தாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது கிருமித் தொற்று. நூற்றுக்கு ஒருவர் இருவருக்குத்தான் வரும். ஆனால் வந்தவருக்கு அது நூற்றுக்கு நூறு. உலோகத்துக்குக் குருதியோட்டம் இல்லை. கிணற்றுக் கட்டில் பாசி பிடிப்பதைப் போலக் கிருமிகள் அதன்மேல் வழுவழுப்பான படையொன்றை உண்டாக்கி அதற்குள் ஒளிந்திருக்கும். மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. சத்திரசிகிச்சை நாளில் உள்ளே போன கிருமியால் மட்டுந்தான் இது வரும் என்றில்லை. பத்து வருடத்தின் பின்னும் உடம்பின் வேறோர் இடத்துப் புண்ணிலிருந்து குருதி வழியாக வரலாம்.

கிளிநொச்சிப் பக்கத்தில் நாம் அறிந்த விவசாயி ஒருவர் முழங்கால் மாற்றி மூன்று வருடம் நன்றாக நடந்தார். சலரோகம் உள்ளவர். வயலில் வெறுங்காலோடு நின்றதில் குதிக்கால் வெடிப்புக்குள் புண் வந்தது. பிறகு காய்ச்சலும் வந்து முழங்கால் சிவந்து வீங்கியது. பாமசியில் சொல்லி அன்ரிபயோற்றிக் குளிசை வாங்கிப் பத்து நாள் போட்டார். வீக்கம் கொஞ்சம் வற்றியது, திரும்பி வந்தது. வைத்தியசாலைக்குப் போனபோது முழங்காலிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள். அரைகுறையாகப் போட்ட மருந்தால் எந்தக் கிருமி என்று முதலில் பிடிபடவில்லை. கடைசியில் மூட்டு முழுவதையும் கழற்றி, மருந்து கலந்த சீமெந்துக் கட்டியை இடையில் வைத்து, பல கிழமை ஊசி போட்டு, பிறகு இரண்டாம் முறை புது மூட்டு வைக்க நேர்ந்தது. ஒரு போகமும் ஒரு சோடி மாடும் போயின. முழங்கால் வீங்கிய முதல் இரண்டொரு நாளிலேயே போயிருந்தால், திறந்து கழுவி பிளாஸ்ரிக் துண்டை மட்டும் மாற்றி மூட்டைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு இருந்தது. செயற்கை மூட்டு சிவந்து வீங்கினால், நீர் எடுத்துச் சோதிக்கும் முன் அன்ரிபயோற்றிக் தொடவே கூடாது.

ஆகவே சலரோகக்காரர் முதலில் சீனியைக் கட்டுப்படுத்திக்கொண்டே சத்திரசிகிச்சைக்குப் போக வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை 8 இற்கு மேல் இருந்தால் பல வைத்தியர்கள் தள்ளிவைத்து விடுவார்கள். சொத்தைப் பல், காற்புண், சலக்கடுப்பு ஆகியவற்றையும் முன்னரே மாற்ற வேண்டும். மாற்றிய பின் வயலுக்கு இறங்கினால் சப்பாத்து அவசியம்.

பிற்காலத்தில் வரும் மற்றப் பிரச்சினைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிளாஸ்ரிக் தேய்ந்து உதிரும் தூள் சுற்றியுள்ள என்பை அரித்து மூட்டைத் தளர்த்தலாம். இணையங்கள் நொய்ந்து கால் தள்ளாடலாம். விழுந்தால் மூட்டின் அருகே என்பு முறியலாம், அதைப் பொருத்துவது சிரமம். புதிதாக நோவு தொடங்கினாலும் கால் திரும்ப வளையத் தொடங்கினாலும் கிளினிக்குக்குப் போய் எக்ஸ்றே எடுக்க வேண்டும்.

அதுவரைக்கும் என்ன செய்வது?

கைத்தடியை நோகிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். பலர் மாறிப் பிடிக்கிறார்கள். கதிரையில் இருந்தபடி காலை நேரே நீட்டிப் பத்து எண்ணும்வரை பிடித்து இறக்கும் அப்பியாசம் தொடைத் தசையைப் பலப்படுத்தும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள்.

நோவுக் குளிசையில் எச்சரிக்கை வேண்டும். டைக்குளோபினாக், ஐபுபுறோபன் போன்றவற்றை மாதக்கணக்கில் வாங்கி விழுங்கினால் இரைப்பையில் புண் வரும், சிறுநீரகமும் கெடும். வடமத்திய மாகாணத்திலும் வவுனியாப் பக்கத்திலும் 1990 களிலிருந்து விவசாயிகளிடையே நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படுவதை அறிவீர்கள். அந்தப் பிரதேசங்களில் வாழ்வோர் சிறுநீரகச் சோதனை செய்யாமல் இக்குளிசைகளைத் தொடர்ந்து போடுவது எரியும் கொட்டிலுக்கு ஓலை வேய்வதாகும். எண்ணெய் பூசி ஒத்தணம் கொடுப்பதால் கெடுதியில்லை. பாமசிக்காரர் தரும் பெயரில்லாத குளிசைப் பொதியால் கெடுதியுண்டு.

காசும் காணியும்

அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம். ஆனால் காத்திருக்க வேண்டும். செயற்கை மூட்டை வெளியே வாங்கித் தரும்படி கேட்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. அதை முதல் நாளிலேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 1978 இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதி நிதியம் வசதியற்ற நோயாளரின் சிகிச்சைக்கு உதவுகிறது. 2025 பெப்ரவரி முதல் அதன் சேவை பிரதேச செயலகங்களுக்கும் விரிக்கப்பட்டிருப்பதால், உங்கள் சிகிச்சைக்கு உதவி உண்டா என்று அங்கேயே கேட்கலாம். எவரிடமும் தரகுக் காசு கொடுக்க வேண்டாம்.

மூட்டின் விலையில் எவ்வளவு இலாபம் ஒளிந்திருக்கலாம் என்பதற்கு இந்தியா ஓர் உதாரணம். சராசரியாக 1,58,324 இந்திய ரூபாவுக்கு விற்கப்பட்ட சாதாரண கோபால்ற்று குரோமிய மூட்டுக்கு, 2017 ஓகஸ்டில் அந்த அரசாங்கம் 54,720 ரூபா என்று உச்ச விலை விதித்தது. கூடிய விலை மூட்டுத்தான் கூடுதல் காலம் உழைக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

பம்பலப்பிட்டி அம்மா காணியை விற்க விடவில்லை. அரசாங்க வைத்தியசாலைப் பட்டியலில் பெயர் பதிந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருந்து, 2018 இல் வலது முழங்காலை மட்டும் மாற்றிக்கொண்டார். இடதுக்கான முறை 2022 இல் வர இருந்தது. அந்த வருடம் நாட்டில் மருந்தும் சத்திரசிகிச்சைப் பொருட்களும் தீர்ந்து, மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியதைப் பத்திரிகைகளில் கண்டிருப்பீர்கள். அம்மாவின் முறையும் தள்ளிப்போனது. பிறகு கூப்பிட்டபோது, "இந்தக் காலோடையே சமாளிக்கிறன்" என்று அவர் சொல்லிவிட்டார். அது சரியான முடிவா என்று எமக்கு இன்னும் சந்தேகந்தான். மகனுக்கும் அதே சந்தேகம்.

இப்போது அவர் ஊரில் இருக்கிறார். மகன் முதலில் கட்டிக் கொடுத்தது வீடல்ல. கொமட் வைத்து, சுவரில் இரும்புக் கைபிடி பூட்டிய மலசலகூடம். தோட்டத்தை மருமகன் உறவினர் ஒருவர் குத்தகைக்குச் செய்கிறார். வெங்காயம் கிண்டும் காலத்தில் அம்மாவுக்கு இடுப்பளவு உயரத்தில் மேசையொன்று போடுகிறார்கள். வாங்கிலில் இருந்தபடி பிடி கட்டுகிறார். குந்தியிருந்து கட்டிய காலத்து வேகம் இல்லையாம்.

கடைசியாக ஒரு வேலை. மூட்டுப் பெட்டியோடு வரும் சிறிய ஒட்டுத்தாள்களில் கம்பனியின் பெயர், அளவு, தொகுதி இலக்கம் எல்லாம் இருக்கும். பல வருடத்தின் பின் பிளாஸ்ரிக் துண்டை மட்டும் மாற்ற வேண்டி வந்தால் வைத்தியர் முதலில் தேடுவது அதைத்தான். துண்டு வெட்டும்போது அதையும் நோய் நிர்ணய அட்டையையும் கேட்டு வாங்குங்கள். விமான நிலையத்தில் உலோகச் சோதனைக் கருவி சத்தமிட்டால் காட்டவும் அந்த அட்டை உதவும். எமது சனங்கள் இடம்பெயரும்போது முதலில் தொலைவது கடதாசிகள் என்பதால், இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். அம்மா தன்னுடையதைக் காணி உறுதிக் கட்டுக்குள் வைத்திருக்கிறார்.